தபால் சிகாமணி அழுத முப்பத்தாறு நாள்

தபால் சிகாமணி ஐயா அழ ஆரம்பிச்சது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால. நிறுத்தினது முப்பத்தாறு நாள் கழிச்சு ஒரு புதன்கிழமை, அதுவும் பகல்லதான். நடுவுல அவர் தூங்கினாரு, இட்லி சாப்பிட்டாரு, பேப்பர் படிச்சாரு, வர்றவங்க போறவங்களை நலம் விசாரிச்சாரு, எல்லாம் அழுதுக்கிட்டேதான். அந்தக் கண்ணைத் துடைச்சது நான். அதனால இதைச் சொல்ற உரிமை எனக்குத்தான் இருக்கு. வேற எவனாவது வீடியோ போட்டுச் சொன்னா நம்பாதீங்க.

என் பேரு மேகலா. சினிமாவுல இருபத்திரண்டு வருஷம் தலை வாரிவிட்டவ. மேக்கப் போடத் தெரிஞ்சும், அந்தக் காலத்துல யூனியன்ல மேக்கப் கார்டு ஆம்பளைங்களுக்குத்தான்னு சொல்லிட்டதால ஹேர் டிரெஸ்ஸர்ங்கிற பேர்லயே காலத்தை ஓட்டி, கடைசியில சாலிகிராமத்துல இந்த மூணு மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசல்ல 'நட்சத்திர ஜன்னல்'னு போர்டு. கீழ் மாடியில கம்பெனிங்களுக்கு விளம்பரம் பண்ற பசங்க, நடு மாடியில சினிமாக்காரங்களைப் பத்தி நியூஸ் எழுதறவங்க, மேல் மாடியில ஸ்டுடியோ. உட்கார நாற்காலிக்குப் பதிலா மூட்டை மாதிரி ஒண்ணு போட்டிருப்பாங்க. அதுல உட்கார்ந்தாத்தான் மூளை வேலை செய்யுமாம், எழுந்திருக்க மட்டும் ரெண்டு பேர் கை குடுக்கணும். யாரு கல்யாணம் பண்ணாங்க, யாரு பிரிஞ்சாங்க, யாரு ஏர்போர்ட்டுக்கு என்ன செருப்பு போட்டுக்கிட்டுப் போனாங்க, யாரு செத்தாங்க, எல்லாம் ஒரே மேஜையிலேர்ந்து ஒரே வேகத்துல போகும். கல்யாணம்னா தங்கக் கலர் பார்டர், சாவுன்னா கறுப்பு பார்டர். வந்த புதுசுல ஒவ்வொரு கறுப்பு பார்டருக்கும் நான் எழுந்து போய் முகம் கழுவிட்டு வருவேன். ஆறு மாசத்துல மரத்துப்போச்சு. நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

எங்க முதலாளி கிரிதரன் சாரோட பெரிய கண்டுபிடிப்பு 'ஈரமான நேரம்'னு ஒரு பேட்டி. பழைய நடிகர், நடிகை, பாட்டுக்காரங்க, சண்டைக்காரங்க, யாரு வந்தாலும் முப்பத்திரண்டாவது நிமிஷத்துல அழணும். முப்பத்தொண்ணுல அழுதா சீக்கிரம், முப்பத்தஞ்சுல அழுதா லேட்டு. உதடு துடிக்கிற இடத்துல விளம்பரம் வரும், கண்ணீர் விளம்பரத்துக்கு அப்புறம் வரும். உதட்டுக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற அந்த இடத்தைத்தான் கீழ் மாடிப் பசங்க கம்பெனிங்களுக்கு விப்பாங்க. இதுக்காகவே கம்ப்யூட்டர்ல ஒரு கேள்விப் படிவம் உண்டு, பன்னெண்டு கட்டம். எட்டாவது கட்டத்துக்குப் பேரு 'அழும் இடம்'. அம்மா சாவு, கைவிட்ட தம்பி, நடிச்சு வெளிவராத படம், எதையாவது தோண்டி எடுத்து அந்தக் கட்டத்துல போடணும். எந்தக் கட்டமும் காலியா இருந்தா படிவம் மூடாது. அப்படிப் பண்ணி வெச்சிருந்தாங்க.

அந்தப் படிவத்தை நிரப்பறவ இந்திரகலா. முப்பத்தஞ்சு வயசு, பம்மல்லேர்ந்து பஸ்ல வருவா. மத்தவங்க வீட்டுத் துக்கத்தைக் கண்டுபிடிக்கறதுல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. அவ வீட்டுத் துக்கம் ஆபீஸ்ல எனக்கு மட்டும்தான் தெரியும், ஏன்னா அன்னைக்கு அவளைக் கையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்தினவ நான்தான். நாலு வருஷம் ஆச்சு. ஒரு நடிகைக்குக் கல்யாணம், தங்க பார்டர் போட்டு எழுதிக்கிட்டு இருந்தா, போன் வந்துச்சு. ஒரே பொண்ணு, தர்ஷினி, ஏழு வயசு, நாலு நாள் காய்ச்சல். பதிமூணாவது நாள் திரும்ப வேலைக்கு வந்து, விட்ட இடத்துலேர்ந்து டைப் அடிச்சா. அன்னைக்கும் அழலை, அதுக்கப்புறமும் அழலை. கேட்டா, வரலைக்கான்னு சொல்லுவா, பஸ் வரலைன்னு சொல்ற மாதிரி.

சிகாமணி ஐயாவை உங்களுக்கு முகம் பாத்தாத் தெரியும், பேரு சொன்னாத் தெரியாது. முதல் படத்துல தபால்காரரா ஒரே ஒரு சீன் வந்ததால தபால் சிகாமணி. அப்புறம் ஐம்பது வருஷமா போலீஸ்காரர், குமாஸ்தா, மாப்பிள்ளைக்கு அப்பா, பொணத்துக்குப் பக்கத்துல நிக்கிறவர். கல்யாணம் பண்ணிக்கலை. அம்மா அப்பா நிறைஞ்ச வயசுல போனாங்க. யாரும் ஏமாத்தலை, இவரும் யாரையும் ஏமாத்தலை. இந்திரகலா மூணு நாள் போன் போட்டு எல்லாரையும் குடைஞ்சு பாத்தா. தங்கமான மனுஷன்னு சொல்லி வெச்சுட்டாங்க. தங்கமான மனுஷனை வெச்சுக்கிட்டு முப்பத்திரண்டாவது நிமிஷத்துல என்ன பண்றது?

கீழ் மாடிப் பசங்ககிட்ட ஒரு வழக்கம். விளம்பரத்துல எழுத வேண்டியது இன்னும் வரலைன்னா, கட்டம் காலியாத் தெரியக் கூடாதுன்னு வாய்க்கு வந்ததை அடிச்சு நிரப்பி வெப்பாங்க, அசல் வந்ததும் மாத்திக்குவாங்க. இந்திரகலாவும் படிவம் மூடணுமேன்னு எட்டாவது கட்டத்துல விரல் போன போக்குல அடிச்சு வெச்சா: உங்கள் மகள் தர்ஷினி, ஏழு வயது, நான்கு நாள் காய்ச்சல், அந்த நான்காம் நாளைப் பற்றிச் சொல்லுங்கள். சாப்பிட்டு வந்து மாத்தலாம்னு எழுந்து போனா. அந்த நேரம் பாத்து ஒரு பெரிய நடிகர் பொண்டாட்டியைப் பிரியறதா அறிக்கை விட்டுத் தொலைச்சாரு. ஆபீஸே தலைகால் புரியாம ஓடிச்சு. கட்டம் அப்படியே இருந்துடுச்சு.

பேட்டி எடுக்கற ரோஷன் திரையில என்ன ஓடுதோ அதைப் படிக்கிறவன். ஒரு தடவை 'இங்கே தண்ணீர் குடிக்கவும்'னு இருந்ததையும் சேர்த்துப் படிச்சவன். செவ்வாய்க்கிழமை முப்பத்திரண்டாவது நிமிஷம் அவன் குரலைத் தாழ்த்தி, தலையைச் சாய்ச்சு, உங்க மகள் தர்ஷினியோட அந்த நாலாவது நாளைப் பத்தி சொல்லுங்க சார்னு கேட்டான். ஐயா அவனைப் பாத்தாரு. ஐம்பது வருஷத்துல டைரக்டர் நீ அப்பான்னா அவர் அப்பா, நீ பொணம்னா அவர் பொணம். எதுக்கு, எப்படின்னு ஒரு நாள் கேட்டதில்லை. உதடு துடிச்சுது. விளம்பரம் போற இடம் முடிஞ்சுது. கண்ணுலேர்ந்து தண்ணி இறங்குச்சு.

"தச்சுவுக்குத் தக்காளி சாதம்னா உசுரு, ஆனா தக்காளியைக் கண்டா ஆகாது. ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வெச்சுட்டு, அப்பா, இது உனக்குன்னு சொல்லும்" அப்படின்னாரு.

நான் டிஷ்யூவோட ஓடினேன். போற வழியில இந்திரகலாவைப் பாத்தேன். லைட் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. தச்சுங்கறது தர்ஷினியை வீட்டுல ரெண்டே ரெண்டு பேர் மட்டும் கூப்பிட்ட பேரு. அதை அவ எழுதலை.

முடிஞ்சுதுன்னு லைட்டை அணைச்சோம், ஐயா அழுதாரு. காபி குடுத்தோம், குடிச்சுக்கிட்டே அழுதாரு. முகம் என்னமோ சாதாரணமாத்தான் இருந்துச்சு, கண்ணு மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ராத்திரி வீட்டுக்கு அனுப்பினோம், காலையில அதே மாதிரி ஈரத்தோட வந்து, தம்பி, இன்னும் ஷாட் முடியலை போலருக்கேன்னு கிரிதரன் சார்கிட்ட சொன்னாரு. கண் டாக்டர் வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, எல்லாம் நல்லா வேலை செய்யுது, கொஞ்சம் அதிகமாவே வேலை செய்யுதுன்னு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாரு. அதைப் போட இடமில்லை. கிரிதரன் சார் ஒரு நிமிஷம் யோசிச்சாரு, ஒரே ஒரு நிமிஷம்தான், அப்புறம் ஐயாவுக்கு மேல் மாடியிலயே கட்டில் போட்டு, எதிர்ல கேமராவை நிறுத்தி, நேரலையைத் திறந்து விட்டுட்டாரு.

அதுக்கப்புறம் எல்லாம் வழக்கமாயிடுச்சு. முதல் வாரம் கூட்டம் வந்துச்சு, ரெண்டாவது வாரம் வரிசை வந்துச்சு, மூணாவது வாரம் வரிசைக்கு டோக்கன் வந்துச்சு. கீழ் மாடிப் பசங்க கைக்குட்டைக்காரனைப் பிடிச்சாங்க, அழியாத கண் மை கம்பெனியைப் பிடிச்சாங்க, தரை துடைக்கிற மாப்புக்காரன் தானாவே வந்து நின்னான். ஐயா உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில முதல்ல ஒரு பேசின், அப்புறம் ஒரு அண்டா, அப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு பைப் போட்டு, மாடியிலேர்ந்து நேரா தெருச் சாக்கடைக்கு விட்டோம். மாநகராட்சி அம்மா ஒருத்தங்க வந்து, இந்தத் தெருவுல மட்டும் கொசு இல்லையே, என்ன தண்ணி விடறீங்கன்னு விசாரிச்சாங்க; கண்ணீர்ம்மான்னோம்; சரின்னு நோட்டுல எழுதிக்கிட்டுப் போனாங்க. எதிர்வீட்டுக்காரங்க சாப்பாடு வரவழைக்கிறப்ப அழுகாச்சி வீட்டுக்கு எதிர்லன்னு அடையாளம் சொன்னாங்க. ஆட்டோக்காரங்களும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சாங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஐ.டி. கம்பெனிப் பசங்க கழுத்துல அட்டையோட வந்து, ஐயா முன்னால பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துட்டு, ஒண்ணும் பேசாம எழுந்து போவாங்க. என்னப்பா கிடைக்குதுன்னு ஒருத்தனைக் கேட்டேன். நமக்குப் பதிலா ஒருத்தர் பாத்துக்கிறார்ல ஆன்ட்டி, அது போதும்னான். எனக்கு எரிச்சலா வந்துச்சு. அவனைத் திட்டறதுக்கும் முடியலை, ஏன்னா நானும் மாமியார் செத்து ஒன்பது மாசமா அழாதவ.

ஐயா தினமும் ஒரு சேதி சொன்னாரு. தச்சு பல்லு விழுந்தா அதைத் தலையணைக்கு அடியில வெக்காம ஃப்ரிட்ஜுல வெச்சது. பம்மல் பஸ்ல கண்டக்டர்கிட்ட நான் அரை டிக்கெட்டு இல்லை, முழு ஆளுன்னு சண்டை போட்டது. காய்ச்சலோட முதல் நாள், ஸ்கூல் லீவுன்னு சந்தோஷப்பட்டது. ரெண்டாவது நாள் கஞ்சி. மூணாவது நாள் தெருமுனை டாக்டர், ஊசி, ஊசிக்கு அழாம டாக்டருக்கு டாட்டா காட்டினது. நாலாவது நாளுக்கு மட்டும் வரவே மாட்டாரு. மூணாவது நாள் சாயங்காலம் வரைக்கும் வந்துட்டு, திரும்பப் பல்லு விழுந்த கதைக்குப் போயிடுவாரு. நாலாவது நாள் எப்ப, நாலாவது நாள் எப்பன்னு நேரலைக்குக் கீழே எழுதிக் குவிச்சாங்க ஜனங்க. கிரிதரன் சாருக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

பதினெட்டாவது நாளோ பத்தொன்பதோ, மேக்கப் ரூம்ல கதவைச் சாத்திட்டு நான் இந்திரகலாவைக் கேட்டுட்டேன். ஏண்டி, ஊரே உன் பொண்ணை அந்த மனுஷனோட பொண்ணுன்னு பேசுது, நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே, உனக்கு ஒண்ணுமே இல்லையான்னு. அவ கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னா. அந்தப் பஸ் சண்டை எனக்கு மறந்தே போச்சுக்கா, அவர் சொல்லித்தான் ஞாபகம் வந்துச்சு, இன்னும் ஒரு நாள் கேட்டுக்கறேனேன்னா. அப்புறம் அவ வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னா. சத்தியசீலன், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவர். கடைசி நாள் குழந்தைகூட இருந்தவர் அவர்தான். இவ ஆபீஸ்ல இருந்தா. கடைசியில என்ன நடந்துச்சுன்னு இவ கேட்டதே இல்லை, அவரும் சொன்னதே இல்லை. கேஸ் தீர்ந்துச்சு, கரண்ட் பில் வந்துச்சு, இதுக்கு மேல நாலு வருஷமா அந்த வீட்டுல பேச்சு கிடையாது. இப்ப அவர் காதுல வயரை மாட்டிக்கிட்டு நாள் பூரா நேரலையைப் பாக்கறாராம். நான் உண்மையைச் சொல்லி நிறுத்தப்போறேன்னு இவ ஒரு நாள் சொன்னப்ப, நிறுத்திடாத கலான்னு கையைப் பிடிச்சுக்கிட்டாராம். நாலு வருஷத்துல அவர் கை பட்டது அப்பதான்னு சொன்னா.

"அந்த நாலாவது நாளையும் அவரே சொல்லிட்டா, இவர் சொல்ல வேண்டாம் பாருங்க. நானும் கேக்க வேண்டாம். அதுக்குத்தான் ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருக்கோம்க்கா" அப்படின்னா.

ஆனா துடைக்கிறவ நான், எனக்குத் தெரியும், ஐயா வத்திக்கிட்டு வந்தாரு. முதல் வாரம் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல என் விரல் ஒண்ணு போச்சு. நாலாவது வாரம் கையே போச்சு. இளநீர், மோர், உப்புக்கரைசல், எதைக் குடுத்தாலும் நேரா கண்ணு வழியா வந்துடும். அவர் மட்டும் அலுத்துக்கலை. மேகலாம்மா, கண்டின்யூட்டி கெட்டுடக் கூடாது, அதே சட்டையையே துவைச்சுக் குடுங்கன்னு சொல்லுவாரு. இப்படியே போனா ரெண்டு மாசம் தாங்க மாட்டாருன்னு கண் டாக்டர் மூணாவது தடவை வந்தப்ப கிரிதரன் சார்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. கீழே கறுப்பு பார்டரை ரெடி பண்ணி வெச்சுட்டாங்க. தப்பா நினைக்காதீங்க, எல்லா வயசானவங்களுக்கும் முன்கூட்டியே ரெடி பண்ணி வெக்கறதுதான், அது எங்க தொழில் வழக்கம். இந்திரகலாதான் எழுதினா. 'மகளிடமே சென்றார்'னு தலைப்பு. எழுதி முடிச்சுட்டு என்கிட்ட வந்து, இன்னும் ஒரு நாள்க்கா, ஒரே நாளுன்னா. அவளைப் பாக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் காய்ச்சல் மருந்துக் கம்பெனி வந்துச்சு. குழந்தைங்களுக்கான சிரப்பு. முப்பத்தாறாவது நாள் ஸ்பெஷல் நேரலை, ஐயா மடியில குழந்தை போட்டோவை வெச்சுக்கிட்டு நாலாவது நாளைச் சொல்லணும், சொல்லி முடிச்சதும் சிரப்பு பாட்டில் வரணும். போட்டோ எங்கேன்னு கேட்டாங்க. ஐயாகிட்ட போட்டோ ஏது? கீழ் மாடிப் பசங்க அவர் சொன்ன அடையாளத்தையெல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி ஒரு குழந்தையை வரைஞ்சு எடுத்தாங்க. ரெட்டை ஜடை, விழுந்த பல்லு, கன்னத்துல குழி, கண்ணு ரெண்டும் பெருசு பெருசா. ரொம்ப அழகான குழந்தை. போஸ்டர் அடிச்சுத் தெரு முழுக்க ஒட்டினாங்க, ஜனங்க அதுக்குப் பூ வெச்சாங்க. இந்திரகலா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவ, நம்ம வாசச் சுவத்துல இருந்த போஸ்டர் முன்னால கால் மணி நேரம் நின்னா. உள்ள வந்து என்கிட்ட, அக்கா, காலையிலேர்ந்து அவ முகத்தை நினைச்சுப் பாக்கறேன், இந்த முகம்தான் வருதுன்னா.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மருந்துக் கம்பெனிக்காரங்க நாலு பேர் வந்து முன் வரிசையில உட்கார்ந்தாங்க. லட்சக்கணக்குல ஜனம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. ரோஷன் குரலைத் தாழ்த்தினான், தலையைச் சாய்ச்சான். ஐயா மடியில அந்தப் படத்தை வெச்சாங்க. ஐயா குனிஞ்சு பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுத் திரும்பவும் பாத்தாரு.

"இந்தப் பாப்பா யாருங்க? எனக்குத் தெரியலையே" அப்படின்னாரு.

கண்ணு நின்னுடுச்சு. குழாயை மூடின மாதிரி நின்னுடுச்சு. முப்பத்தாறு நாளா ஓடிக்கிட்டிருந்த பைப்புல கடைசித் தண்ணி இறங்கற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அதுவும் இல்லை. கிரிதரன் சார் கேமராவுக்குப் பின்னாலேர்ந்து என்னைப் பாத்துக் கையை ஆட்டினாரு, கிளிசரின், கிளிசரின்னு. நான் அசையலை. கிளிசரின் என் இடுப்புப் பையிலதான் இருந்துச்சு. வேணும்னேதான் அசையலை.

இந்திரகலா நடந்து வந்தா. லைட்டைத் தாண்டி, ரோஷனைத் தாண்டி, நேரா ஐயா முன்னால வந்து நின்னு, கழுத்துல தொங்கற ஆபீஸ் அட்டையைத் திருப்பி, பின்னாடி செருகி வெச்சிருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துக் குடுத்தா. அதுல குழந்தை அப்படி ஒண்ணும் அழகில்லை. ஸ்கூலுக்காக எடுத்தது, எண்ணெய் வழிய வாரின தலை, ஒரு கண்ணைக் கொஞ்சம் சுருக்கியிருக்கும். ஐயா வாங்கிப் பாத்தாரு, தலையை ஆட்டினாரு.

"தச்சு" அப்படின்னாரு. "நீங்க யாரும்மா?"

"அவ அம்மா."

ஐயா உடனே எழுந்துட்டாரு. இது யாரு வேஷமோ அவங்க வர்ற வரைக்கும் இடம் பிடிச்சு நின்னவர் மாதிரி, மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம உட்கார்ந்துட்டேன்னு சொல்லி, போட்டோவை அவ கையிலயே குடுத்து, நாற்காலியைத் துண்டால துடைச்சு விட்டாரு. என்கிட்ட காஞ்ச சட்டை ஒண்ணு கேட்டாரு. மாத்திக்கிட்டு, படியில மெதுவா இறங்கி, வாசல்ல ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு. இப்ப நல்லாருக்காரு. போன மாசம்கூட ஒரு படத்துல நீதிபதியா வந்தாரு.

நாற்காலி காலியா இருந்துச்சு, நேரலை ஓடிக்கிட்டு இருந்துச்சு. கிரிதரன் சார் அவ்வளவு சீக்கிரம் விடுற ஆளா? இந்திரகலாவை உட்காருன்னு சைகை காட்டினாரு. அவளும் உட்கார்ந்தா. திரையில அதே எட்டாவது கட்டம் ஓடுச்சு, ரோஷன் படிச்சான். நாலாவது நாளைப் பத்தி சொல்லுங்க மேடம். அவ வாயைத் திறந்தா. ஒண்ணும் வரலை. கண்ணுல தண்ணியும் வரலை. எனக்குத் தெரியாதுங்க, நான் அன்னைக்கு இங்கதான் இருந்தேன்னு மட்டும் சொன்னா. மூணு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தா. பாக்கறவங்க தொகை கண்ணு முன்னால விழுந்துச்சு. விளம்பரத்துக்காக நடிக்கிறா, பெரியவர் துக்கத்தைத் திருடிட்டா, மூஞ்சைப் பாரு கல்லு மாதிரின்னு எழுதிட்டுப் போனாங்க. லட்சம் ஆயிரம் ஆச்சு, ஆயிரம் நூறு ஆச்சு. மருந்துக்காரங்க எழுந்து போனாங்க, அவங்களைச் சமாதானப்படுத்த கிரிதரன் சார் பின்னாலயே ஓடினாரு, ரோஷன் சட்டையிலேர்ந்து மைக்கைக் கழட்டி வெச்சுட்டுச் சாப்பிடப் போனான். கேமராவை அணைக்க யாருக்கும் தோணலை. நூறு பத்தாச்சு, பத்து மூணாச்சு, கடைசியில ஒண்ணுல வந்து நின்னுச்சு. திரையில கண்ணு படம் போட்டு, பக்கத்துல ஒண்ணு. அந்த ஒண்ணு நகரவே இல்லை.

இந்திரகலா அதைப் பாத்தா. நானும் பாத்தேன். அது யாருன்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுது.

"என்னங்க" அப்படின்னா கேமராவைப் பாத்து. "எனக்கு அவ முகம் போய்க்கிட்டே இருக்குங்க. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு நான் கேட்டா, நீங்க ஏன் பாத்துக்கலைன்னு கேக்கற மாதிரி ஆயிடுமோன்னு கேக்கலை. நான் ஏன் வீட்டுல இல்லைன்னு நீங்க திருப்பிக் கேட்டுடுவீங்களோன்னும் பயம். இப்பக் கேக்கறேன். வந்து சொல்லுங்க."

ஒண்ணு பூஜ்யம் ஆச்சு. போயிட்டாரு, இந்த மனுஷனும் போயிட்டாருன்னு நினைச்சேன். அவ எழுந்திருக்கலை, போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருந்தா. நான் தரையில அவ காலுக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டேன். கீழே பசங்க மூட்டையில உட்கார்ந்து அடுத்த வார விருந்தாளி யாருன்னு சத்தம் போட்டுப் பேசிக்கிட்டு இருந்தாங்க.

முக்கால் மணி நேரம் இருக்கும். படியில செருப்புச் சத்தம். சத்தியசீலன் வந்தாரு, ஹெல்மெட்டைக் கூடக் கழட்டலை, கையில கிரீஸ், பம்மல்லேர்ந்து வண்டியை விரட்டிக்கிட்டு வந்திருக்காரு. அவளுக்கு முன்னால, ரோஷன் உட்கார்ற நாற்காலியில உட்கார்ந்தாரு. ஹெல்மெட்டுக்கு உள்ளேர்ந்தேதான் பேசினாரு. முகம் தெரியக் கூடாதுன்னு நினைச்சாரோ என்னமோ.

"தூங்கிக்கிட்டு இருந்தா. நாலு மணி இருக்கும். முழிச்சு, குளிருது, ஃபேனைக் கொறைப்பான்னா. அவ்ளோதான் கலா. எழுந்து போய்க் கொறைச்சேன். திரும்பி வந்தேன்." கையில இருந்த கிரீஸைப் பேன்ட்டுல தேச்சுக்கிட்டாரு. "நான் எழுந்திருக்காம இருந்திருக்கணும். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கணும். ஃபேனைக் கொறைக்கப் போயிட்டேன்."

இந்திரகலா போட்டோவை மடியில வெச்சுட்டு முன்னால சாஞ்சா.

"எத்தனையில வெச்சீங்க?"

"ரெண்டுல."

"ரெண்டு சரிதாங்க" அப்படின்னு சொல்லி, அவர் தாடைக்குக் கீழ கையை விட்டு ஹெல்மெட்டோட பட்டையை அவிழ்த்தா. "அவளுக்கு ரெண்டுதான் பிடிக்கும்."